ஆறு நாழி நெல்லும் ஐயாயிரம் பெயர்களும்

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் போக வேண்டும் என்று சொன்னால், "எந்தப் பிரம்மதேசம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலைப் பக்கம் இருக்கிறது. இன்னொன்று எசாலம், எண்ணாயிரம் ஆகிய ஊர்களுக்குப் பக்கத்தில், சோழர் காலச் சிவன் கோயில்கள் இரண்டை வைத்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கிறது. நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது ஊரின் சுற்றுவட்டாரக் கதை. சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த வட்டாரம், பதினோராம் நூற்றாண்டில் தமிழகத்தின் உயர்கல்விக்குப் பெரிய முகவரியாக இருந்தது. எசாலத்தில் 1987-இல் முதலாம் ராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. எண்ணாயிரத்துப் பெருமாள் கோயில் கல்வெட்டோ அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே, 1917-ஆம் ஆண்டின் 333-ஆம் எண்ணாகக் கல்வெட்டுத் துறையின் பதிவில் ஏறிவிட்டது. அதில் இருப்பது ஒரு கல்லூரியின் வரவுசெலவு.

கணக்கைப் பாருங்கள். இளநிலை மாணவர்கள் 270 பேர். இருக்கு வேதம் படிப்பவர்கள் 75, யசுர் வேதம் 75, சாம வேதத்தின் இரண்டு கிளைகளுக்குத் தலா 20, வாசசனேயம் 20, அதர்வம் 10, போதாயன சூத்திரம் 10, ரூபாவதாரம் என்ற இலக்கண நூல் படிப்பவர்கள் 40. முதுநிலையில் 70 பேர்: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. ஒரு குறுணிக்கு எட்டு நாழி, ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி என்று போட்டால், மாணவர்களுக்கு மட்டும் தினம் இருபத்துநான்கு கலத்துக்கு மேல் நெல் அளந்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு அளந்தது தனி. இதற்கெல்லாம் 45 வேலி நிலம்.

பொன் கணக்கு இதைவிடச் சுவையானது. ஆண்டுக்கு 61½ கழஞ்சு. முதுநிலை மாணவர் எழுபது பேருக்கு அரைக் கழஞ்சு வீதம் 35. ஆசிரியர்கள் பதின்மூன்று பேருக்கு அரைக் கழஞ்சு வீதம் 6½. வியாகரண ஆசிரியருக்கு அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு என்று எட்டு அத்தியாயத்துக்கு 8. மீமாம்சை ஆசிரியருக்குப் பன்னிரண்டு அத்தியாயத்துக்கு 12. கூட்டினால் சரியாக வருகிறது. அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பாடம் நடத்தக் கூலி பேசியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது, இன்றைய கௌரவ விரிவுரையாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். வேதாந்த ஆசிரியருக்கு மட்டும் பொன் கிடையாது, நெல்தான். வேதாந்தத்தைப் பொருளுக்கு விற்கக் கூடாது என்ற விதி காரணமாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எண்ணாயிரத்தோடு நிற்கவில்லை. இன்றைய புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் திரிபுவனையில் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட இன்னொரு கல்லூரியைக் காட்டுகிறது. வாகூரில் அதற்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே, நிருபதுங்க பல்லவன் காலத்தில், ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் நடைதூரங்களுக்குள் இத்தனை கல்விச்சாலைகள்.

பெருமைப்படலாம். ஆனால் இரண்டு விஷயங்களை மறைத்துவிட்டுப் பெருமைப்பட முடியாது. முதலாவது, அந்தக் கல்லூரியின் வாசல் பிராமணச் சிறுவர்களுக்கு மட்டுமே திறந்தது. 45 வேலியில் உழுது, நாற்று நட்டு, கதிரறுத்து அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. இரண்டாவது, கல்வெட்டில் நெல் இருக்கிறது, பொன் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கண்டுபிடிப்பு இல்லை. முன்னூற்று நாற்பது பேர் ஆண்டுக்கணக்கில் படித்தும் வாதாடியும் புதிதாக என்ன கண்டார்கள் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை. இருந்ததைப் பிழையில்லாமல் காப்பதுதான் அன்றைய கல்வியின் முதல் வேலை.

எண்ணாயிரம் குன்றில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளும் கற்படுக்கைகளும் உண்டு. சமணத் தத்துவத்தில் பரமாணு என்ற கருத்து இருக்கிறது. மணிமேகலையில் வரும் ஆசீவகனும் அணுக்களைப் பற்றித்தான் பேசுகிறான். இதை எடுத்துக்கொண்டு "அன்றே நம்மவர்கள் துகள் இயற்பியலைச் சொல்லிவிட்டார்கள்" என்று முழங்குகிறவர்களை மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சிந்தித்தார்கள், ஆழமாகவே சிந்தித்தார்கள். ஆனால் அளக்கவில்லை. அளந்ததைப் பிறர் திரும்ப அளந்து சரிபார்க்கும் ஏற்பாடு அப்போது இன்றுபோல் வேரூன்றியிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மழுப்பினால் அன்றைய சமணருக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம், இன்றைய விஞ்ஞானிக்கும் செய்தவர்களாக மாட்டோம்.

அளந்து பார்க்கிற ஆராய்ச்சி இந்த மாவட்டத்துக்குள் வந்தது மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை வழியாக. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தெரிந்தெடுத்து வெளியிட்ட நிலக்கடலை ரகம் டி.எம்.வி. 2. அந்த மூன்றெழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கமே. இந்த ரகம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் மானாவாரி நிலங்களை ஆண்டது. 1967-இல் டி.எம்.வி. 7 வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை என்ற சொல்லையே கேட்டிராத குடியானவர்கள் அதன் முடிவை மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓர் ஆராய்ச்சி மக்களிடம் போய்ச் சேர்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

துகள் இயற்பியலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நியூட்ரினோ என்ற துகளை மூட்டை கட்ட முடியாது. அது வந்த பாதையே வேறு.

1950-களின் கடைசியில் சென்னை மயிலாப்பூரில், ஏகாம்ர நிவாஸ் என்ற தம் வீட்டில், அல்லாடி ராமகிருஷ்ணன் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர். அதைப் போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்ற ஆசை. இளைஞர்கள் மாலையில் வந்து உட்கார்ந்து, வெளிநாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த ஆய்வுகளைப் பேசுவார்கள். 1960 தொடக்கத்தில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது அந்த வீட்டுக்கும் வந்தார், வியந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு நேருவின் காதுக்கும் எட்டியது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்தவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர்.

அன்று ஓர் ஆய்வு முடிவு சென்னைக்கு வருவதென்றால் சஞ்சிகை கப்பலில் வர வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அச்சாகும் முன்பே கட்டுரையைத் தட்டச்சுப் பிரதி எடுத்து நண்பர்களுக்கு விமான அஞ்சலில் அனுப்பும் பழக்கம் இயற்பியலாளர்களிடம் இருந்தது. அந்தப் பிரதி யாருக்கு வரும்? பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு, பெரியவர்களைத் தெரிந்தவருக்கு வரும். சென்னையில் ஓரிரு இடங்களுக்கு வரும். சிறு நகரக் கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஆசிரியருக்கு நிச்சயம் வராது. எண்ணாயிரத்து வாசல் சாதியால் மூடியிருந்தது. இந்த வாசல் தூரத்தாலும் தொடர்புகளாலும் மூடியிருந்தது.

இருந்தும் அதே பத்தாண்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூவான் என்ற துகள்களைப் பொழிகின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு போகும். நியூட்ரினோ அதனினும் நுட்பமானது, எதனோடும் சேராமல் பூமியையே ஊடுருவிப் போகக்கூடியது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் மியூவான்களின் இரைச்சல் அடங்கும் ஆழத்துக்குப் போக வேண்டும். கோலார் தங்க வயலில் 2,300 மீட்டர் ஆழத்தில் அந்த இடம் கிடைத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடத்துக் குழுவினர் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் முதன்முதலாக வெளியிட்டார்கள். தென் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த பிரெடரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை அதற்குச் சற்றே பின்னால் வந்தது.

அந்த ஆழம் இயற்பியலுக்காக வெட்டப்பட்டதல்ல. தங்கத்துக்காக வெட்டியது. வெட்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பல தலைமுறைகள் பாறைத் தூசியைச் சுவாசித்து இறக்கிய சுரங்கத்தின் அடியில்தான் உலகப் புகழ்பெற்ற அந்த அளவீடு நடந்தது. கட்டுரையில் அவர்கள் பெயர் இல்லை. 45 வேலியை உழுதவர்களின் பெயரைப் போலத்தான்.

இன்றைக்கு வருவோம்.

பெயர்களைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். ஹிக்ஸ் துகள் கிடைத்துவிட்டது என்று ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் அறிவித்தது 2012 ஜூலை 4 அன்று. அதன் நிறையைத் துல்லியமாகக் கணித்து அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரண்டு குழுக்களும் சேர்ந்து 2015-இல் எழுதிய கட்டுரையில் 5,154 ஆசிரியர் பெயர்கள் இருந்தன. மொத்தம் 33 பக்கம். அதில் ஆய்வு ஒன்பது பக்கம், பெயர்களும் நிறுவனங்களும் இருபத்துநான்கு பக்கம். கருவியைக் கட்டியவரிலிருந்து கணினி நிரல் எழுதியவர்வரை சேர்த்துக்கொள்ளும் இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது பிடித்திருக்கிறது. அந்தக் குழுக்களில் இந்திய நிறுவனங்கள் உண்டு, சி.எம்.எஸ்.-இல் சென்னை ஐ.ஐ.டி.யும் உறுப்பு. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. செர்ன் வளாகத்தில் நிற்கும் நடராசர் சிலையின் படத்தைப் பகிர்ந்து மகிழும் நாம், அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளின் கட்டுரை ஒன்றையாவது அதே ஆர்வத்தோடு பகிர்ந்திருக்கிறோமா?

கட்டுரைக்குத் தட்டுப்பாடே இல்லை. 1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்கைவ் தளம், விமான அஞ்சல் பிரதிகளின் காலத்தை முடித்து வைத்தது. எழுதிய அன்றே உலகம் முழுக்கப் படிக்கலாம், காசு கிடையாது. 2014-இல் செர்ன் தலைமையில் நாடுகள் கூடி, துகள் இயற்பியலின் முக்கிய சஞ்சிகைகள் பலவற்றுக்குப் பணத்தை முன்கூட்டியே கட்டி, கட்டுரைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டன. அதே ஆண்டு நவம்பரில் செர்ன் இன்னொரு படி போய், துகள் மோதல்களின் அளவீட்டுத் தரவையே பொதுவில் வைத்தது. மற்ற துறைகள் இவ்வளவு தாராளமாக இல்லை. வேதியியலிலும் மருத்துவத்திலும் ஒரு கட்டுரையைப் படிக்கக் கேட்கும் தொகை ஒரு மாத மளிகைச் செலவை எட்டிவிடும். அதற்காகத்தான் இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் 2025 ஜனவரியிலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இந்த வளையத்துக்கு வெளியே. மாவட்டத்துச் சாலைகளில் வரிசையாகத் தெரியும் கல்லூரிப் பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

ஆய்வும் இப்போது வெகுதூரத்தில் இல்லை. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானியரும் சேர்ந்து நடத்துவது. 3,712 இரும்புக் குழாய்களை 560 சதுர மீட்டரில் அடுக்கி, நாளொன்றுக்கு 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று மலைக்கு மேலே ஓர் இடிமேகம் வந்து நின்றது. பதினெட்டு நிமிடம் மியூவான்களின் வரவு இரண்டு விழுக்காடு குறைந்தது. பொழியும் மியூவான்களில் நேர்மின்னேற்றம் உள்ளவை சற்று அதிகம். மேகத்தின் மின்புலம் அவற்றைத் தடுத்ததால் கூட்டல்கழித்தலில் வரவு குறைந்துவிட்டது. அந்தக் குறைவை வைத்து மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்தார்கள். இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் இருக்கக்கூடும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் சொல்லித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் யாரும் அளந்து காட்டியதில்லை. பலூன் பறக்கவிட்டு அளக்கப் பார்த்தார்கள், அது மேகத்தின் ஒரு கோட்டைத்தான் தொட்டது. ஊட்டிக்காரர்கள் மேகத்தைத் தொடாமலே அளந்துவிட்டார்கள். 2019-இல் கட்டுரை வந்தது. ஆர்க்கைவில் இலவசமாக இருக்கிறது.

இதே மாவட்டத்துப் பையன் ஒருவர் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர். உள்ளூர் ரயில்வே பள்ளி, பாலிடெக்னிக் டிப்ளமா, பிறகு பொறியியல், கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். எண்ணாயிரத்துக் கல்லூரியை நடத்திய ஊர்ச்சபை இவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

ஆக, வாசல் திறந்துவிட்டது, ஏடும் இலவசமாகிவிட்டது. இப்போது குறைவது அந்த ஆறு நாழி. அன்று உள்ளே நுழைந்துவிட்டவனுக்குச் சோற்றுக் கவலை கிடையாது; சபையின் பொறுப்பு அது. இன்று நெட் தேர்வில் தேறி உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரியிலிருந்து உயர்த்தியிருக்கிறார்கள். நல்ல தொகைதான். ஆனால் அது எத்தனை பேருக்கு? அந்த உதவித்தொகை கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய், அதுவும் பல ஆண்டுகளாக மாறாத தொகை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பலருக்கு அதுவும் இல்லை. பகலில் தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்து, மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுத்து, இரவில் ஆய்வேடு எழுதும் பெண்களும் ஆண்களும் இந்த மாவட்டத்திலேயே உண்டு. வந்த உதவித்தொகையும் ஆறு மாதம், எட்டு மாதம் நிலுவையில் நிற்பது நாடு முழுக்கப் பழகிப்போன விஷயம். இதை ஒரு சபையிடம் போய் முறையிடலாமென்றால், முகவரியே நிலையாக இல்லை. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் சட்டமானது. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தும் சட்டமானது. எது சரி என்ற அரசியல் வாதத்துக்கு நான் வரவில்லை. ஓராண்டுக்குள் இரண்டு முடிவுகளும் எடுத்தவர்கள் ஆராய்ச்சி மாணவர்களை எத்தனை முறை நினைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது, அது விஞ்ஞானிகளுடையது. கோலாரில் கிடைத்த பெயரை மீட்கும் ஆசையோடு, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் 50,000 டன் காந்த இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி தந்தது. ஊர் மக்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற பயத்தில் நியாயம் இல்லை. ஆனால் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயற்பியலாளர்கள் தமிழில் விளக்கிப் பேசத் தொடங்கியபோது வதந்தி பல ஊர் தாண்டிப் போயிருந்தது. மல்லாட்டை ரகத்தை வெளியிட்ட நிலையம் வயலுக்கு வந்து குடியானவனின் பேச்சில் பேசியது. துகள் இயற்பியல் ஆங்கிலத்தில் அறிக்கை கொடுத்துவிட்டு, நிலத்தைக் கேட்டது. மதுரையில் 85 டன்னில் செய்த சிறு மாதிரிக் கருவி மட்டும் மியூவான்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம் அரசுக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். செர்னின் திறந்த தரவுத் தளத்தில் சி.எம்.எஸ். கருவியின் உண்மையான மோதல் தரவுகள் இருக்கின்றன. சாதாரணக் கணினியில் திறக்கக்கூடிய சிறிய கோப்புகளும், மாணவர்களுக்கென்றே எழுதிய பயிற்சிகளும் உண்டு. கட்டணமோ சிபாரிசுக் கடிதமோ தேவையில்லை. இந்த ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு ஒதுக்கும்போது, வழக்கமான தலைப்புகளில் ஒன்றை விட்டுவிட்டு, இரண்டு மியூவான்களின் ஆற்றலிலிருந்தும் உந்தத்திலிருந்தும் இசட் துகளின் நிறையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்று விடை வரும். அதை எப்படிக் கண்டார்கள் என்று ஊரில் வீட்டாருக்குப் புரியும்படி நான்கு பக்கம் தமிழில் எழுதி வரச் சொல்லுங்கள், மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள்.